பாப்பாவின் தோளுக்கு ஒரு துப்பாக்கி

என் கணவரின் தங்கைக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. முடி பாதி வெளுத்துவிட்டது. இருந்தும் வீட்டில் எல்லோரும் அவளை ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுகிறோம். நான் திண்டிவனத்தில் பள்ளி ஆசிரியை. வகுப்பில் கண்ணை உருட்டினால் கடைசி பெஞ்சு வரைக்கும் அடங்கிவிடும். பாப்பாவிடம் மட்டும் என் உருட்டல் எடுபட்டதே இல்லை. அவள் கையில் துப்பாக்கி இருப்பதால்தான் நான் அவளோடு சண்டைக்குப் போவதில்லை என்று என் கணவர் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். உண்மை அதுவல்ல. அவளைப் பார்த்தால் எனக்கு ஒரு பிரமிப்பு. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அது குறையவே இல்லை.

மயிலத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் எங்கள் நிலம் இருக்கிறது; நாங்கள் கொல்லை என்போம். என் கணவர் டவுனில் உரக்கடை வைத்திருக்கிறார். என்ன பயிர் வைப்பது, எப்போது தண்ணீர் விடுவது, யாரை வேலைக்குக் கூப்பிடுவது எல்லாமே பாப்பாவின் பொறுப்பு. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று துருவியவர்களிடம், “நாத்து வுடணும், களை எடுக்கணும், எங்க நேரம்?” என்று ஒரே பதிலைச் சொல்லி வாயை அடைத்துவிட்டாள்.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காய் பிடிக்கும் பருவத்தில் காட்டுப்பன்றிகள் வந்துவிடும். ஒரு கூட்டம் இறங்கினால் போதும், விடிந்து பார்க்கும்போது கொல்லை டிராக்டர் ஓட்டியது போலக் கிடக்கும். பன்றியைச் சுடக் கூடாது, சட்டம் இருக்கிறது. வானத்தைப் பார்த்து வெடித்து விரட்டலாம். அதற்காக என் மாமனார் ஒரு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். அவர் காலமான பிறகு, லைசென்ஸை யார் பேரில் மாற்றுவது என்ற பேச்சு வந்தது. என் கணவர் தீபாவளிக்கே காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உள்ளறையில் உட்காருகிறவர். “எனக்கு எதுக்கு அந்தப் பேஜாரு? பாப்பா பேருக்கே எழுதிக் குடுத்துடலாம்” என்று நைசாக நழுவிவிட்டார்.

பாப்பா துப்பாக்கியோடு கொல்லைக்குப் போவதைப் பார்க்க வேண்டும். புடவை முந்தானையை இடுப்பில் இறுகச் செருகி, மேலே அண்ணனின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வாள். எங்கள் பக்கத்தில் கொல்லை வேலை செய்யும் பெண்கள் எல்லோருக்கும் அதுதான் சீருடை. துப்பாக்கியை நடுவில் முறித்துத் திறந்தபடி முழங்கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பாள். வரப்பு முனைக்குப் போய், “யாராச்சும் இருக்கீங்களா? வெடிக்கப் போறேன்” என்று நாலு பக்கமும் குரல் கொடுப்பாள். பதில் இல்லை என்று தெரிந்த பிறகுதான் தோட்டாவைப் போடுவாள். யாரும் பார்க்காத இடத்திலும் இந்த ஒழுங்கு மாறாது. என் கணவர் பைக் ஓட்டும்போது ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு, போலீஸைக் கண்டதும் தலையில் கவிழ்த்துக்கொள்கிற ரகம். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானா என்று எனக்குச் சந்தேகம் வரும்.

விழுப்புரத்துக்கு வெளியே ஒரு துப்பாக்கி சுடும் கிளப் இருக்கிறது. லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு அங்கே ஒரு பாதுகாப்புப் பயிற்சி நடந்தது. துணைக்கு நானும் போனேன். பயிற்சி முடிந்ததும் ஒரு விளையாட்டைக் காட்டினார்கள். ஒரு மெஷின் சாஸர் அளவுள்ள மண் தட்டை ‘விஷ்’ என்று வானத்தில் எறிகிறது. அது கீழே விழுவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும். கறுப்புக் கண்ணாடியும் தொப்பியுமாக வந்திருந்தவர்கள் சுட்டார்கள். தட்டுகள் பத்திரமாகப் போய்ப் புல்லில் விழுந்தன. “அம்மா, நீங்களும் சுட்டுப் பாருங்களேன்” என்று யாரோ விளையாட்டாகச் சொன்னார்கள். பாப்பா எழுந்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். முதல் தட்டே தூள். தப்பித் தவறிப் பட்டது என்று நினைத்தார்கள். அடுத்ததும் தூள். வருஷக்கணக்கில் வானத்தைப் பார்த்தே சுட்டுப் பழகியவளுக்கு வானத்தில் ஓடுகிற ஒரு தட்டு பெரிய விஷயமில்லை என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கு அன்று நிலைகொள்ளவில்லை. அடுத்த நாள் ஸ்டாஃப் ரூமில் அதைச் சொல்லிச் சொல்லியே எல்லோரையும் படுத்தி எடுத்துவிட்டேன்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் எங்கள் இருவருக்கும் கிளப்தான். “பன்னி வெரட்டறதுக்கு சத்தம் போதும் அண்ணி. இதுக்குக் குறி வேணும்” என்பாள். அவளுக்கென்று அவள் ஆசைப்பட்டு நான் பார்த்த ஒரே காரியம் அது.

ஆனால் அந்தப் பழைய துப்பாக்கி அவளை உதைத்தது. எல்லாத் துப்பாக்கியும் உதைக்கும். இது கொஞ்சம் பொல்லாதது. மாமனார் ஆறடி ஆள், வலது தோளில் வைத்துச் சுடுகிறவர். தோளில் பதிகிற மரக்கட்டையை அவர் உடம்புக்கு ஏற்ற நீளத்தில், வலது கன்னத்துக்குத் தோதாக ஒரு பக்கம் சாய்த்துச் செய்திருந்தார்கள். பாப்பாவோ குள்ளம். போதாததற்கு இடது கைக்காரி. சாப்பிடுவதை வலது கைக்கு மாற்றி அடித்துப் பழக்கிய மாமியாரால், சுடுவதை மாற்ற முடியவில்லை. ஒவ்வொரு வெடிக்கும் கட்டை அவள் இடது தோளையும் கன்னத்து எலும்பையும் பதம் பார்த்தது. கேட்டால், “வரப்புல வுழுந்துட்டேன்” என்பாள். இடது தோளிலேயே ஒருத்தி எத்தனை முறை விழுவாள்?

ஒரு நாள் அறுத்த கதிர்க்கட்டு ஒன்றைத் தூக்கக் கை எழும்பவில்லை. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். படமெடுத்துப் பார்த்த டாக்டரம்மா வளவளவென்று பேசவில்லை. “துப்பாக்கிய மாத்துங்க. இல்ல சுடறத விடுங்க. ரெண்டுல ஒண்ணு” என்றார். என் கணவருக்கு இரண்டாவதுதான் காதில் விழுந்தது. வீடு வந்து சேரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார். “இந்த வயசுல உனக்கு எதுக்கு இதெல்லாம்? பன்னிக்குப் பட்டாசு வாங்கி வெடிச்சிக்கலாம்.”

பாப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணைத் துடைத்தாளா என்று தெரியவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. “உங்களுக்கு முதுகுவலின்னா உரமூட்டைய வுட்டுட்டு வீட்ல குந்திக்குவீங்களா?” என்று கேட்டேன். அவர் உடனே இறங்கி வந்தார், ஆனால் ஒரு கண்டிஷனோடு. “சரி, புதுசு ஒண்ணு வாங்கு. அதுவும் இப்படி அடிச்சிதுன்னா லைசென்ஸத் திருப்பிக் குடுத்துடணும். அப்புறம் பேச்சே இல்ல.”

“சரிண்ணா” என்றாள் பாப்பா. அவ்வளவுதான் சொன்னாள். அவள் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். துப்பாக்கி தவறாக அமைந்துவிட்டால், யாரும் கேட்காமலே தானாகப் போய் லைசென்ஸை வைத்துவிட்டு வந்துவிடுவாள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. டிராக்டரோ நகையோ, பெரிய பொருள் எது வாங்கினாலும் நல்ல நாள் பார்த்து, பட்டு உடுத்திக்கொண்டுதான் கடை ஏறுவோம். பழசைக் கட்டிக்கொண்டு போனால் வாங்கும் பொருளும் பழசாகவே தங்கும் என்று ஒரு நம்பிக்கை. அதன்படி, துப்பாக்கி வாங்கவும் பட்டுப்புடவையில் புறப்பட்டோம். பாப்பா அரக்குச் சிவப்பில் அகல ஜரிகை வைத்த புடவை. மடிப்பு மடிப்பாக முந்தானையை அடுக்கி இடது தோளில் நானே ஊக்குக் குத்திவிட்டேன். என் கணவர் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, வேட்டி. பார்க்கிறவர்கள் பெண் பார்க்கப் போகிறோம் என்றே நினைத்திருப்பார்கள்.

விழுப்புரத்தில் ஒரு சந்துக்குள் அந்தத் துப்பாக்கிக் கடை இருக்கிறது. உரிமையாளர் மரியாதையான மனிதர். எங்கள் பட்டைப் பார்த்து அசரவில்லை; அந்தக் கடைக்கு இப்படித்தான் வருவார்கள் போலிருக்கிறது. லைசென்ஸைப் பார்த்துவிட்டு, துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார். என் கணவர் முந்திக்கொண்டார். வெள்ளித் தகட்டில் வாத்து பறப்பது போலச் செதுக்கியிருந்த ஒன்றைத் தூக்கி, “ஆஹா, வெயிட்டே இல்ல. பொம்பளைக்கு இதுதான் சரி. பாப்பா, இத எடுத்துக்க” என்றார்.

பாப்பா அதை வாங்கி ஏந்திப் பார்த்துவிட்டு மெதுவாக வைத்தாள். “வெயிட்டு இல்லன்னாதாண்ணா உதைக்கும். கெணத்துல லேசான மோட்டாரு போட்டா, ஓட வுடறப்ப திட்டுல இருந்து எகிறும். கனமானது நின்ன எடத்துல நிக்கும்.”

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அதற்குப் பிறகு அவர் என் கணவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டு அவளிடமே பேசினார். தட்டு சுடுவதற்கென்றே ஒன்று, கொல்லைக்கென்று லேசாக இன்னொன்று என்று இரண்டாக வாங்கிக்கொள்கிறவர்களும் உண்டு என்றார். பாப்பா வேண்டாம் என்றாள். “ரெண்டு வெச்சிக்கினு ரெண்டு பழக்கம் பழக முடியாதுங்க. ஞாயித்துக்கெழமையும் அதுதான், கொல்லைக்கும் அதுதான். கையில எடுத்தா என்னுதுன்னு கைக்குத் தெரியணும்.”

பிறகு அவள் தேர்ந்தெடுத்த விதத்தை நான் ஒரு பாடவேளை முழுக்கச் சொல்லிக்கொடுப்பேன். ஒவ்வொன்றையும் முதலில் திறந்து, உள்ளே காலி என்று தானே பார்ப்பாள். இரண்டு குழலும் அக்கம்பக்கமாக இருப்பவற்றை ஒதுக்கினாள். குழல் மேலும் கீழுமாக இருந்தவற்றை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தோளுக்கு ஏற்றுவாள். கண்ணைத் திறந்ததும், குறி பார்க்க நுனியில் வைத்திருக்கும் சின்னப் பித்தளை மணி அவள் பார்வைக்கு நேராக நிற்கிறதா என்று பார்ப்பாள். நிற்காவிட்டால் கீழே வைத்துவிடுவாள். கழுத்தை வளைத்துச் சரிசெய்ய மாட்டாள். “நான் வளைஞ்சா அது எனக்குப் பொருந்தினதா ஆயிடுமா?” என்றாள். கடைசியில் செதுக்கல் எதுவுமில்லாத, வாதாங்கொட்டை நிறக் கட்டை வைத்த கனமான ஒன்றில் வந்து நின்றாள். எந்தப் பக்கமும் சாயாத கட்டை, இரண்டு தோளுக்கும் பொது. மணி நேராக நின்றது. அவள் முகம் மலர்ந்தது.

ஒரே குறை, தோளில் ஏற்றும்போது கட்டையின் அடி அக்குளில் தட்டித் தட்டி நின்றது. கடைக்காரர் இரண்டு மூன்று முறை ஏற்றச் சொல்லிப் பார்த்தார். “கட்டை நீளம்மா. உங்களுக்கு ஒரு விரக்கடை அறுத்துடலாம். நம்ம ஆசாரி இங்கயேதான் இருக்காரு” என்றார். உள்ளேயிருந்து ஆசாரி வந்து அளவெடுத்து, கட்டையில் பென்சில் கோடு போட்டார். என் கணவர் வாட்சைப் பார்த்து, “ஜல்தியா அறுத்துக் குடுங்க, ராகுகாலம் வந்துடும்” என்றார்.

ஆசாரி ரம்பத்தை எடுத்தார். பாப்பா தன் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊக்கைத் தொட்டாள். முந்தானை மடிப்பை இரண்டு விரலால் கிள்ளி, எவ்வளவு தடிமன் என்று பார்த்தாள்.

“அறுக்காதீங்க” என்றாள்.

“இன்னா பாப்பா? அவுங்களுக்குத் தெரியாதா?” என்றார் என் கணவர்.

“நீளமா இருக்கறது கட்டை இல்லண்ணா. இந்த முந்தானைதான் நடுவுல நிக்குது. நான் பட்டுப்பொடவையிலயா கொல்லைக்குப் போறேன்? நீ சட்டையக் கழட்டு.”

“இன்னாது?”

“சட்டையக் கழட்டுண்ணா. உன் சட்டையிலதான நான் சுடறேன்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கடைக்காரர் பெருந்தன்மையாகத் தோட்டாப் பெட்டிகளைத் தூசி தட்டத் திரும்பிக்கொண்டார். எங்கள் ஊரில் நாலு பேர் எழுந்து கும்பிடுகிற உரக்கடை முதலாளி, விழுப்புரம் பஜார் சந்தில், துப்பாக்கிக் கடையில், பனியனோடு நின்றார். தெருவில் போன ஒருவர் கம்பிக் கதவு வழியாக எட்டிப் பார்த்து, கொள்ளை நடக்கிறதோ என்று தயங்கிவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பின்னறைக்குப் போன பாப்பா, ஊக்கைக் கழற்றி, முந்தானையை இடுப்பில் செருகி, அண்ணனின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். துப்பாக்கியை ஏற்றினாள். கட்டை எதிலும் தட்டவில்லை. தோள் குழியில் போய்ச் சரியாக உட்கார்ந்தது. இன்னொரு முறை, இன்னொரு முறை என்று ஏற்றி இறக்கினாள். ஒவ்வொரு முறையும் அதே இடம். கடைக்காரர் பென்சில் கோட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே, “அறுத்திருந்தா ஒட்ட வெக்க முடியாதும்மா” என்றார். கட்டை குட்டையாகிப் போயிருந்தால் வெடிக்கும்போது கட்டைவிரல் மூக்கிலேயே வந்து இடித்திருக்குமாம். அத்தோடு லைசென்ஸும் போயிருக்கும். மடிப்பை அவ்வளவு கனமாக அடுக்கி ஊக்குக் குத்தியவளே நான்தானே.

மாமனாரின் துப்பாக்கியைக் கடையிலேயே ஒப்படைத்தோம். அதற்காக யாரும் அழவில்லை. தோளை இடித்த சாமானுக்கு என்ன அழுகை? கடைக்காரரும் போலீஸ் ஸ்டேஷனும் செய்யவேண்டிய பதிவெல்லாம் முடிந்து, புதுத் துப்பாக்கி வீட்டுக்கு வந்தது. டாக்டரம்மா தோளுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்ன நாள்வரைக்கும் பாப்பா அதை வெறுமனே துடைத்துத் துடைத்து வைத்தாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூவரும் கிளப்புக்குப் போனோம். இன்று என் கணவர்தான் நீதிபதி. பாப்பா தன் இடத்தில் போய் நின்றாள். மெஷின் தட்டை எறிந்தது. வெடித்தாள். தட்டு அப்படியே போய்ப் புல்லில் விழுந்தது. அடுத்ததும் தப்பியது. பழைய துப்பாக்கியில் அவள் இப்படிக் குறி தவறி நான் பார்த்ததில்லை. பட்டுப்புடவை, நல்ல நாள், எல்லாவற்றையும் மனதுக்குள் திட்டினேன். கொஞ்சம் பொறுத்து ஒன்று உடைந்தது. உடைந்ததும் அவள் துப்பாக்கியைத் தாழ்த்தினாள். அப்படியே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த தட்டைக் கூப்பிடவேயில்லை. பின்னால் நின்றவர்கள் அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பேச ஆரம்பித்தார்கள். துப்பாக்கியைத் திறந்து முழங்கையில் தொங்கவிட்டுக்கொண்டு அவள் திரும்பி வந்தாள்.

என் கணவர் எழுந்துவிட்டார். “போதும் பாப்பா. வலிக்குது இல்ல? கார எடுக்கறேன்” என்றார். குரலில் அதிகாரம் இல்லை. உண்மையிலேயே அவளுக்காக வருந்துகிற குரல். அவர் அவளை நேசிக்கவில்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

நான் அவளை மரத்தடிக்குக் கூட்டிப்போய், சட்டைக் காலரை விலக்கித் தோளைப் பார்த்தேன். லேசான சிவப்பு. அவ்வளவுதான். பழைய நாட்களில் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருக்கும்.

“வலிக்குதா?” என்று கேட்டேன்.

“இல்ல அண்ணி. வலிக்கவே இல்ல.”

“அப்புறம் ஏன் வந்துட்ட?”

அவள் கன்னம் நனைந்திருந்தது. ஆனால் சிரித்தாள்.

“இவ்ளோ நாளா வெடிக்கறப்ப கண்ணு தன்னால மூடிக்கும் அண்ணி. ஒதை வருதுன்னு ஒடம்புக்குத் தெரிஞ்சிடும் இல்ல? நான் கண்ணத் தெறக்கறதுக்குள்ள மேல ஒண்ணும் இருக்காது. நீங்க கை தட்டுவீங்க, அத வெச்சித்தான் பட்டுச்சின்னு தெரிஞ்சிக்குவேன். இன்னிக்குக் கண்ணு மூடிக்கல. தட்டு ஒடையறத இன்னிக்குத்தான் பார்த்தேன்.”

அந்தக் கிளப்பில் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்கள்கூட அவள் உடைத்த தட்டுகளைப் பார்த்திருக்கிறார்கள். நான் பார்த்திருக்கிறேன், ஒன்று விடாமல். அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யாராவது பார்த்தால் மானம் போயிருக்கும். போனால் போகட்டும்.

நிமிர்ந்தபோது என் கணவர் எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியாது. கார் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தட்டு எறியும் மெஷின் பக்கமாக நடக்கத் தொடங்கினார்.

“எங்க போறீங்க?” என்று கேட்டேன்.

“இன்னும் கொஞ்சம் தட்டு வுடச் சொல்றேன்” என்றார், திரும்பாமலே. “பாக்கட்டும்.”